மாமாவின் புல்லும் வீட்டுக் கிணறும்

போன மாதக் கட்டுரைக்கு வந்த கடிதங்களுக்கு அடுத்த முறை பதில் எழுதுறன். இந்த முறை புல்லு. சிரிக்காதேங்கோ. ஊரில மாடு வளர்க்கிற ஒரு மாமாவோ சித்தப்பாவோ இல்லாத குடும்பம் எங்களுக்குள்ள குறைவு. "பசளை வாங்கக் கொஞ்சம் காசு அனுப்பு பிள்ளை" என்று வாட்ஸ்அப்பில குரல் வராத வீடும் குறைவு. அப்படியொன்று எங்களுக்கும் வந்தது. அதுக்கு ஒழுங்கான பதில் சொல்ல எனக்கு மூண்டு மாதம் எடுத்தது.

மாமா, என்ர அம்மாவின் கடைசித் தம்பி, இருக்கிறது புன்னாலைக்கட்டுவன் பக்கம். செம்பாட்டு மண். முந்தி வெங்காயமும் புகையிலையும் வைத்த நாலு பரப்புக் காணியில இப்ப மாட்டுக்குப் புல்லு நிக்குது. ஜெர்சிக் கலப்புப் பசு மூண்டு, கண்டு ரெண்டு. பால் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போகுது. வீடியோவில அந்தப் புல்லைப் பார்த்த என்ர மகள், "தாத்தா கரும்பு வைச்சிருக்கிறார்!" என்று துள்ளினாள். ஆளுயரத்துக்கு மேல தடித்த தண்டு, நீளத் தோகை. அவள் சொன்னதில பெரிய பிழை இல்லை. கரும்பும் புல்லினம்தான்.

அந்தப் புல்லின் பெயர் கோ-3. கம்பையும் யானைப்புல்லையும் கலந்து தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கினது. 'கோ' என்றால் கோயம்புத்தூர். கரும்பு வகைகளுக்கு முன்னால நிக்கிறதும் அதே 'கோ'தான். 1912இல அந்த ஊரில கரும்பு இனப்பெருக்கு நிலையம் தொடங்கி, இனிப்பான கரும்பைக் காட்டுக் கரும்போட கலந்து, முதலில கோ 205, பிறகு கோ 419 என்று வரிசையாக வெளியில விட்டவை. தாவரவியலாளர் ஜானகி அம்மாள் அங்க வேலை செய்தவர். உலகத்தில பல நாட்டுக் கரும்புக்குள்ள அந்தக் கோயம்புத்தூர் இரத்தம் ஓடுது. பிள்ளையளுக்குச் சொல்லக்கூடிய நல்ல கதை அது.

கரும்புக் கதை எங்களுக்கு இங்க கிட்டத்தான் கிடக்குது. நாங்கள் இருக்கிறது ஆர்பெர்க் சீனி ஆலைக்குப் பக்கத்து ஊரில. சுவிஸில கரும்பு வளராது, சீனிப் பீற்றூட்தான். இலையுதிர் காலம் வந்தால் லொறியும் ரயிலுமாகக் கிழங்கு வந்து குவியும், காற்றில அவிச்ச கிழங்கு மணக்கும். (இலங்கையில கந்தளாய்ச் சீனி ஆலை 1993இல மூடினதோட சரி. கதவுகள் துருப்பிடிச்சு நிக்குதாம். அது வேற கதை.)

முட்டை வாங்கப் போற பண்ணையில ஒரு நாள் பீற்றூட் பற்றிப் பேச்சு வந்தது. அந்தப் பண்ணைக்காரர் சொன்ன ஒரு விஷயம் மனசில ஒட்டிக்கொண்டுது. நைதரசன் கூடினால் கிழங்கின் இலை கொழுத்து வளரும், ஆனால் கிழங்குக்குள்ள சீனி குறையும், ஆலையில சீனி படிகமாகிறதும் கஷ்டமாகும். சீனி வீதத்தைப் பார்த்துத்தான் விலை போடுவினம். அதால பசளையைக் கூடப் போடுறவனுக்குக் காசு நட்டம். நைதரசன் என்றது எங்கட பிள்ளையள் பள்ளிக்கூடத்தில ஸ்டிக்ஸ்டொஃப் என்று படிக்கிற அதேதான்.

கரும்பிலும் அப்படியே. தமிழ்நாட்டில நடவு செய்து 30, 60, 90 நாளில பகுதி பகுதியாக நைதரசன் குடுப்பினம். அதுக்குப் பிறகு நிப்பாட்டவேணும். ஆறாம் மாதத்தில ஆசைப்பட்டு இன்னொரு தரம் யூரியா போட்டால் கரும்பு நெடுத்து வளர்ந்து சாயும், சாறு தண்ணியாகும். வெட்டின அடிக்கட்டையில இருந்து திரும்பத் துளிர்க்கிற மறுதாம்புக் கரும்புக்குக் கொஞ்சம் கூடக் குடுப்பினம், ஆனால் அதையும் முன்கூட்டியே. காய்ந்த தோகையை எரிக்காமல் வரிசைக்கு இடையில பரப்பிவிட்டால் மண்ணில ஈரம் நிக்கும், களையும் குறையும். எரிச்சால் அதில இருக்கிற நைதரசன் புகையோட போகும்.

ஆக, கரும்பும் பீற்றூட்டும் வாய் திறந்து "போதும்" என்று சொல்லக்கூடிய பயிர்கள். விலையில காட்டும். மாட்டுப்புல்லு சொல்லாது. எவ்வளவு போட்டாலும் பச்சை கூடும், இலை அகலும், பார்க்கிற கண் குளிரும். மாமாவுக்கு அந்தப் பச்சைதான் சந்தோசம். அதுதான் ஆபத்து என்று எனக்குப் பட்டது.

அவர் போட்ட கணக்கைக் கேட்டன். ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் முக்கால் மூடை யூரியா. கணக்கு வாத்தியாரின்ர பேத்தி நான், விடுவனோ? பதினாறு பரப்பு ஒரு ஏக்கர். நாலு பரப்பு கால் ஏக்கர், கிட்டத்தட்ட ஒரு ஹெக்டேயரில பத்தில ஒரு பங்கு. கோயம்புத்தூர்க்காரர் இந்தப் புல்லுக்குச் சொல்றது வெட்டுக்கு வெட்டு ஹெக்டேயருக்கு 75 கிலோ நைதரசன். அப்ப நாலு பரப்புக்கு ஏழரைக் கிலோ. யூரியாவில 46 வீதம் நைதரசன். அதாவது 16 கிலோ யூரியா போதும். முக்கால் மூடை என்றால் 37 கிலோ. ரெண்டு மடங்குக்கு மேல! அந்தப் பரிந்துரையே நல்லாத் தண்ணி விட்டு, 45 நாளுக்கு ஒருக்கா வெட்டி, உச்ச விளைச்சல் எடுக்கிறவைக்கு. இங்க சுவிஸ் புல்வெளிக்கு ஒரு வெட்டுக்குப் போறது அதில பாதி கூட வராது. குளிர் நாட்டுப் புல்லு அவ்வளவுதான் இழுக்கும்.

மிச்சம் எங்க போகும்? ஒரு பங்கு வெயிலில ஆவியாகப் போகும். யூரியாவை உலர்ந்த மண்ணுக்கு மேல தூவிவிட்டுத் தண்ணி காட்டாமல் விட்டால் அமோனியா மணக்கும், அது காசு மணக்கிறது. ஒரு பங்கு புல்லுக்குள்ளேயே நைத்திரேற்றாகத் தேங்கும். நல்ல வரட்சி, பிறகு திடீர் மழை, புது வளர்ச்சி, அந்த நேரத்தில இளசாக வெட்டிப் பசியோட நிக்கிற மாட்டுக்குப் போட்டால் மாடு மூச்சு வாங்கிச் சாயும். தண்டின் அடிப்பக்கத்திலதான் அது கூட இருக்கும். அதால நிலத்தில இருந்து ஒரு சாண் அளவு விட்டு வெட்டுறது நல்லது, அடுத்த துளிருக்கும் அதுதான் பலம். மாமாவுக்கு இது தெரியும். "இளம் புல்லை வாட விட்டு, வைக்கோலோட கலந்து போடு" என்று அவரின்ர அப்பா சொன்னதாம்.

மூண்டாவது பங்குதான் என்னை நித்திரை கொள்ள விடேல்லை. அது கிணத்துக்குப் போகும். வலிகாமத்தில மண் மேல கொஞ்சம்தான். அதுக்குக் கீழ சுண்ணாம்புக்கல்லு, வெடிப்பும் ஓட்டையுமாக. ஐப்பசி கார்த்திகை மழைக்கு முன்னால போட்ட பசளை நேரே நிலத்தடித் தண்ணிக்கு இறங்கும். யாழ்ப்பாணக் கிணறுகளில நைத்திரேற்று கூட இருக்குது என்று 1980களில இருந்து ஆய்வாளர்கள் எழுதிக்கொண்டு வருகினம். உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம். சுவிஸில குழாய்த் தண்ணிக்கு 40. குடிக்க எடுக்கிற நிலத்தடித் தண்ணிக்கு 25க்குள்ள இருக்கவேணும் என்று சட்டம்.

பெரியாக்களுக்கு உடனே ஒன்றும் தெரியாது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்குப் புட்டிப்பால் கரைக்கிற தண்ணியில நைத்திரேற்று கூடினால் இரத்தம் ஒட்சிசனைக் காவ ஏலாமல் போகும்; உதடும் நகமும் நீலமாகும். கொதிக்க வைச்சால் சரி என்று எங்கட ஆக்கள் நினைக்கிறது. கிருமிக்குத்தான் அது சரி. நைத்திரேற்று கொதிச்சாலும் போகாது, தண்ணி வத்த வத்த இன்னும் கூடும். மாமாவின் மகளுக்கு, என்ர மச்சாளுக்கு, அப்ப நாலு மாதப் பிள்ளை. புட்டிப்பால்.

ஆடி விடுமுறைக்குப் போகேக்க மீன்தொட்டிக் கடையில விக்கிற நைத்திரேற்றுப் பட்டியில ஒரு பெட்டி பையுக்குள்ள வைச்சன். கிணத்துத் தண்ணியில தோய்ச்சால் நிறம் 50க்கும் 100க்கும் இடையில வந்தது. மாமா மூக்குக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்திட்டு ஒன்றும் பேசேல்லை. பட்டி துல்லியமான அளவு இல்லை என்று நானே சொல்லி, ஒரு போத்தலில எடுத்து ஆய்வுகூடத்துக்குக் குடுத்தம். 62 என்று வந்தது. அண்டு பின்னேரமே பிள்ளையின்ர பாலுக்குச் சுத்திகரிச்ச தண்ணிக் கான் வாங்கத் தொடங்கினம்.

மாமா கேட்டது நியாயமான கேள்வி: "அப்ப பசளையை நிப்பாட்டச் சொல்லுறியா? ஒருக்கா நிப்பாட்டினவைதானே?" 2021ஐச் சொல்றார். அந்த வருடம் மே மாதம் இலங்கை அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாகத் தடை செய்தது. மாமாவின் புல்லு மஞ்சளாச்சு, பால் பாதியாச்சு. நெல்லுச் செய்தவையின்ர நிலைமை அதைவிட மோசம். கார்த்திகையில தடையை எடுத்தினம், ஆனால் விலை எங்கேயோ போயிட்டுது. அதே 2021, ஜூன் 13ஆம் திகதி சுவிஸில ரெண்டு வாக்கெடுப்பு நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும்: செயற்கைப் பூச்சிமருந்துத் தடையும், குடிதண்ணீர் முயற்சியும். ரெண்டையும் கிட்டத்தட்ட 61 வீதம் பேர் வேண்டாம் என்று சொல்லிச்சினம். நான் எதுக்கு வாக்குப் போட்டன் என்று கேட்காதேங்கோ. ஆனால் இங்க மாதக்கணக்கா ஒவ்வொரு சாப்பாட்டு மேசையிலும் சண்டை பிடிச்சுத்தான் முடிவெடுத்தினம். அங்க ஒரு வர்த்தமானி அறிவித்தல், முடிஞ்சுது. செம்பாட்டு மண்ணில மாடு வளர்க்கிற ஒருத்தரையும் ஒருத்தரும் கேட்கேல்லை.

அதால "நிப்பாட்டுங்கோ" என்று நான் சொல்லேல்லை. மாட்டுக் கொட்டிலைப் போய்ப் பார்த்தன். மண் தரை. மூத்திரம் ஊறி, கிணத்துக்கு இருபதடி தள்ளி, நேரே கீழ இறங்குது. மாடு தின்ற நைதரசனில கிட்டத்தட்ட நாலில மூண்டு பங்கு திரும்ப வெளியில வரும், அதில பெரும்பங்கு மூத்திரத்தில. ஒரு பசு ஒரு நாளைக்குப் பத்து லீற்றருக்குக் குறையாமல் பெய்யும். கடையில காசு குடுத்து வாங்குற அதே சாமானை மாமா கொட்டிலில கிணத்துக்குள்ள விட்டுக்கொண்டிருக்கிறார்.

இங்க ஊர் முழுக்க மணக்கிற அந்தக் கியூல்ல, பிள்ளையள் மூக்கைப் பொத்துற சாணிக்கரைசல், அதுதான் இது. சுவிஸ் பண்ணையில ஒழுகாத தொட்டி இருக்கவேணும், குறைஞ்சது மூண்டு மாதத்துக்குப் பிடிக்கவேணும். நிலம் உறைஞ்சிருந்தால், பனி மூடியிருந்தால், தண்ணி நிரம்பியிருந்தால் ஊத்தக்கூடாது. 2024இல இருந்து அதிகம் சரிவில்லாத நிலத்தில குழாய் இழுத்து மண்ணோட ஒட்டித்தான் ஊத்தவேணும், வானத்துக்கு விசிறக்கூடாது. இவையளும் சும்மா திருந்தேல்லை. 1984இல செம்பாக் ஏரியில மீனெல்லாம் செத்து மிதந்தது. பண்ணைகளில இருந்து வந்த பொசுபரசு ஏரிக்குள்ள சேர்ந்து பாசி பெருகி, ஒட்சிசன் இல்லாமல் போனது. அந்த வருடத்தில இருந்து ஏரிக்கு அடியில ஒட்சிசனும் காற்றும் குழாயால ஊதினவை. ஏரிக்கு மூச்சுக் குழாய்!

அப்ப முடிவு இதுதான்: யூரியாவுக்குக் கேட்ட காசைவிடக் கொஞ்சம் கூட அனுப்பினம், ஆனால் கொட்டிலுக்குச் சீமெந்துத் தரை போட்டு, கிணத்துக்கு மறுபக்கம் மூடின தொட்டி கட்டுறதுக்கு. நிறைஞ்சதைத் தண்ணி கலந்து, வெட்டின புல்லு வரிசைக்கு இடையில விடலாம். மழைக் காலத்துக்கு முன்னால விடக்கூடாது. யூரியா அதுக்கு மேல வெட்டுக்குப் பத்துக் கிலோ, ரெண்டாகப் பிரிச்சு, போட்டவுடன மெல்லிசாத் தண்ணி. வேலிக்குச் சீமைக்கிளுவை கூட நட்டால் அது காற்றில இருந்து நைதரசன் பிடிக்கும், மாடும் தின்னும். மாமாவுக்கு இதில ஒன்றும் புதுசில்லை. அவரின்ர அப்பா காலத்தில பூவரசங்குழை வெட்டித் தாழ்ப்பினம், காணியில பட்டி அடைப்பினம். "அதைத்தானே சுவிஸ்காரன் குழாய் போட்டுச் செய்யிறான்" என்று சிரிச்சார்.

நீங்களும் இந்த விடுமுறைக்குப் போறியள் என்றால், கைக்குழந்தை இருக்கிற வீட்டுக் கிணத்துத் தண்ணியை ஒருக்கா சோதியுங்கோ. பட்டிப் பெட்டி பெரிய விலையில்லை. மழை முடிஞ்ச தை மாதத்தில எடுத்த தண்ணியும் ஆடியில எடுத்ததும் வேற வேற காட்டும், ரெண்டும் பாருங்கோ. கூட வந்தால் நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையில விசாரிச்சு ஒழுங்கான சோதனை செய்யுங்கோ.

தொட்டிக்குக் குழி தோண்டத் தொடங்கியாச்சு. போன கிழமை மாமா படம் அனுப்பினவர். மூண்டடியில கல்லுத் தட்டிட்டுதாம், மேசன் கூலி கூட்டிக் கேட்கிறாராம்.