படம் தெரியாதது பிள்ளையின் குற்றமா?

வயலையும் மாட்டையும் விட்டு இடம்பெயர்ந்த நாம் பிள்ளைகளின் படிப்பை மட்டும் கைவிடவில்லை. 2009 ஆகஸ்டில் செட்டிகுளம் முகாம்களில் இருந்த எமது பிள்ளைகள் உயர்தரப் பரீட்சை எழுதினார்கள். வசதிகள் இல்லாவிட்டாலும் ஒரு நீதி இருந்தது: முகாமில் இருந்த பிள்ளைக்கும் கொழும்பில் இருந்த பிள்ளைக்கும் வினாத்தாள் ஒன்றே. வினாவுக்குரிய படம் தாளில் அச்சாகி எல்லோருக்கும் தெரிந்தது.

இன்று அந்த நீதி குலைகிறது. 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டதோடு இணையவழிக் கல்வி எமது வீடுகளுக்குள்ளும் வந்தது. பாடசாலைகள் திறந்த பின்னரும் பல பாடநெறிகள் சோதனைகளை இணையத்திலேயே வைக்கின்றன. வீட்டிலுள்ள ஒரே கைத்தொலைபேசியில் பிள்ளை விடை எழுதுகிறது. வினா தெரிகிறது, படம் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் பெட்டி. நேரமோ ஓடுகிறது.

2018 இல் எமது நாட்டுச் சோளச் செய்கைக்குள் புகுந்த சேனா படைப்புழுவை எடுத்துக்கொள்வோம். கவட்டுத்தடியைத் தலைகீழாகப் பிடித்தாற்போல் தலையில் ஒரு வெளிர்கோடு. வால்பக்கத்தில் சதுரமாக நான்கு கரும்புள்ளிகள். தோட்டத்தில் அப்புழுவைக் கையால் நசுக்கிய பிள்ளையிடம் ‘படத்திலுள்ள புழு எது?’ என்று கேட்கிறார்கள். படம் வராததால் புள்ளியும் இல்லை. இது அறிவுக்கு வைத்த சோதனையா, சிக்னலுக்கு வைத்த சோதனையா?

கோளாறு எம் பக்கத்திலும் இருக்கலாம். சிக்னல் குறைந்திருக்கலாம். டேட்டாவை மிச்சம்பிடிக்கப் படங்களை நிறுத்திவைத்திருக்கலாம். எனவே எழுதிய விடைகளைச் சேமித்துவிட்டுப் பக்கத்தை மீண்டும் திறந்து பார்க்கவேண்டும். மாதிரி வினா இருந்தால் வேறொரு பிரவுசரிலும் முதல்நாளே பார்ப்பது நல்லது.

ஆனால் நல்ல சிக்னல் உள்ள மற்றப் பிள்ளைகளுக்கும் அதே படம் தெரியாவிட்டால், பிழை பெரும்பாலும் வினாவை அமைத்தவர் பக்கமே. படத்தை உள்ளே ஏற்றாமல் தமது கணினியில் அது இருக்கும் இடத்தை மட்டும் இணைத்திருந்தால், அது அவர் கண்ணுக்கு மட்டுமே தெரியும். ஐபோனில் எடுத்த சிலவகைப் படங்கள் வேறு சில தொலைபேசிகளில் திறவாமல் போகலாம். கமராவில் எடுத்தபடியே ஏற்றிய படம் 4 எம்.பி. வரை இருக்கலாம், அதைச் சுருக்கினால் 100 கே.பி. போதும். அதாவது நாற்பதில் ஒரு பங்கு. எமது டேட்டாக் காசும் அந்த அளவுக்கு மிஞ்சும்.

ஆகவே பாடநெறி நடத்துவோரிடம் நாம் கேட்பது சலுகை அல்ல. படத்தைச் சுருக்கி ஏற்றுங்கள். படத்தில் உள்ளதைக் கீழே இரண்டு வரியில் எழுதுங்கள். கண்பார்வை குறைந்த பிள்ளைக்கும் அது உதவும். முதல்நாள் ஒரு மாதிரி வினா வையுங்கள். படம் தெரியாத வினாவுக்குப் புள்ளியை வெட்டாதீர்கள்.

‘பொய் சொல்லித் தப்புவார்களே’ என்பர் சிலர். அதே விடயத்தைத் தொலைபேசியில் வாய்மொழியாகக் கேளுங்கள். தெரிந்த பிள்ளை விடை சொல்லும். தெரியாத பிள்ளைக்குப் பொய்யால் இலாபமில்லை.

பெற்றோரே, படம் வராவிட்டால் வினா இலக்கமும் நேரமும் தெரியும்படி அந்தத் திரையை ஸ்கிரீன் ஷொட் எடுத்துவைக்கச் சொல்லுங்கள். சோதனை முடியுமுன் ஆசிரியருக்கு அறிவிக்கச் சொல்லுங்கள். இதில் வெட்கப்பட எதுவுமில்லை. நல்ல சிக்னல் கிடைக்கும் இடத்தில் ஆலய மண்டபமோ சங்கக் கட்டடமோ இருந்தால், சோதனை நாளில் அதைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட ஊராகக் கூடி முடிவெடுப்போம். நிவாரண அரிசிக்காக வரிசையில் நின்று பழகிய எமக்கு, பிள்ளையின் புள்ளிக்காகக் குரல் கொடுப்பது பெரிய காரியமல்ல.