நாற்பதே நிமிடத்தில் இறால் சீஸ் ரோல்!

சீஸுக்குப் பேர்போன டச்சுக்காரர்கள் 1613-ல் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். அவர்கள் போய்விட்டார்கள், ஏரி இறால் அப்படியே இருக்கிறது. இந்த வாரம் நம் அடுப்பில் சீஸையும் அந்த இறாலையும் சேர்த்து வைப்போம்!

ஏரிக்கரை ஊர்களில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கையாலேயே துழாவி இறால் பிடிக்கும் பெண்கள் இருக்கிறார்கள். பெரிய இறால் நல்ல விலைக்குப் போய்விடும். இந்த ரோலுக்கு நமக்குப் பொடி இறாலே போதும். பேக்கரி ரோல் கேட்டு அடம்பிடிக்கும் பிள்ளைகளுக்கு, விடுமுறை நாள் மதியத்தில் சுடச்சுடக் கொடுக்கலாம். அவன் இல்லாத வீட்டிலும் வரும்.

தேவையானவை (6 ரோல்): ஓட்டோடு பொடி இறால் - 300 கிராம் (உரித்தால் ஏறக்குறைய பாதிதான் தேறும்), சாண்ட்விச் பிரெட் - 6, சீஸ் ஸ்லைஸ் - 3, பெரிய வெங்காயம் - 1, பச்சை மிளகாய் - 1, இஞ்சி பூண்டு விழுது - 1 டீஸ்பூன், மிளகாய்த்தூள் - அரை டீஸ்பூன், மிளகுத்தூள் - அரை டீஸ்பூன், சோம்பு, மஞ்சள்தூள் - தலா கால் டீஸ்பூன், எண்ணெய் - 1 டேபிள்ஸ்பூன், உருக்கிய வெண்ணெய், கறிவேப்பிலை, கொத்தமல்லி - சிறிதளவு.

செய்முறை: அடிகனமான பழைய வாணலியில் ஒரு கப் கல் உப்பைப் பரப்பி, நடுவே ஸ்டாண்ட் வைத்து மூடி, மிதமான தீயில் 10 நிமிடம் சூடாக்குங்கள். அதற்குள் மசாலாவை முடித்துவிடலாம்.

இறாலை உரித்து, முதுகில் உள்ள கறுப்பு நரம்பை எடுத்து அலசி, தண்ணீரை நன்றாக வடியுங்கள். எண்ணெயில் சோம்பு, கறிவேப்பிலை தாளித்து, வெங்காயம், மிளகாய், இஞ்சி பூண்டு விழுதை வதக்குங்கள். தூள்களையும் இறாலையும் சேருங்கள். இறால் தண்ணீர் விடும். தீயைக் கூட்டி, அது சுண்டி மசாலா திரண்டு வரும் வரை கிளறுங்கள். ஈரம் இருந்தால் பிரெட் ஊறிப் பிய்ந்துவிடும். இந்த ரோலின் சூட்சுமமே இதுதான். கொத்தமல்லி தூவி ஆறவிடுங்கள். சீஸிலேயே உப்பு இருப்பதால், ருசி பார்த்து உப்பு சேருங்கள்.

பிரெட்டின் ஓரத்தை வெட்டி, பூரிக்கட்டையால் மெல்லியதாகத் தேயுங்கள். அரை ஸ்லைஸ் சீஸ், மேலே ஒரு ஸ்பூன் மசாலா வைத்துச் சுருட்டி, ஓரத்தில் தண்ணீர் தொட்டு ஒட்டுங்கள். ஒட்டிய பக்கம் கீழே இருக்கட்டும். வெண்ணெய் தடவிய தட்டில் அடுக்கி, மேலேயும் வெண்ணெய் தடவி, வாணலியில் வைத்து மூடி 15 முதல் 20 நிமிடம், பொன்னிறமாகும் வரை வேகவிடுங்கள். அவன் இருந்தால் 180 டிகிரியில் 12 முதல் 15 நிமிடம்.

கவனிக்க: பள்ளி டப்பாவில் இறால் ரோல் வேண்டாம். நம் ஊர் வெயிலில் சமைத்த இறால் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. டப்பாவுக்கு இதே மசாலாவில் உருளைக்கிழங்கு, பட்டாணி போதும். இறால் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை தரும். அதனால் வீட்டுக்கு வரும் பிள்ளைகளின் நண்பர்களுக்குக் கொடுக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

வெட்டிய பிரெட் ஓரங்களைக் காயவைத்துப் பொடித்தால் கட்லெட்டுக்கு ஆச்சு. ஆறிய உப்பைச் சமையலில் சேர்க்காமல், அடுத்த ரோலுக்கு எடுத்து வையுங்கள்!