டி.சி. வாங்குறதுக்கு முன்னாடி

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டி வச்சு "உயர்கல்வி வழிகாட்டி" நடத்துறோமே, அது கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். கசப்பா இருந்தாலும் சொல்லித்தான் ஆகணும்.

பாதி வழி பத்தாம் வகுப்பு முடிஞ்ச கையோட அடைபட்டுடுது. "மார்க் கம்மியா? காமர்ஸ் போட்டுக்கோ." "அக்கா என்ன குரூப்? அதையே எடு, புக்காவது மிச்சம்." அவ்வளவுதான் கவுன்சிலிங்! அந்த அரை நிமிஷத்துல பி.எஸ்சி. நர்சிங் போச்சு, பி.பார்ம் போச்சு, கால்நடை மருத்துவம் போச்சு. கால்நடை மருத்துவத்துல நம்ம மாநில இடங்களுக்கு நீட் கிடையாது, பிளஸ் டூ மார்க்தான்னு எத்தனை வீட்டுக்குத் தெரியும்?

இதைவிடக் கொடுமை ஒண்ணு இருக்கு. நல்லா படிக்குதேன்னு, கடனை வாங்கி பதினொண்ணாம் வகுப்புக்கு பிரைவேட் ஸ்கூலுக்கு மாத்துறாங்க. மருத்துவத்துல 2020ல வந்த 7.5% ஒதுக்கீடு, 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில படிச்சவங்களுக்கு. மாத்தின அன்னைக்கே அது காலி. 2021ல பொறியியல், வேளாண்மை, சட்டம்னு நீட்டின 7.5%, அதுல சேர்ந்தா அரசே கட்டுற கட்டணம், எல்லாம் காலி. எய்டட் ஸ்கூலுக்கு மாத்தினாலும் இந்த 7.5% கிடையாது. "அதுவும் கவர்மெண்ட் மாதிரிதானே டாக்டர்?" மாதிரிதான். கவர்மெண்ட் இல்ல.

சோழபுரம், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் பாருங்க. தேர்ச்சி சதவீதத்துல மாநில முதலிடத்தைப் பல தடவை பார்த்த விருதுநகர் மாவட்டம். 2022லேர்ந்து மாவட்டத்துக்குள்ளேயே அரசு மருத்துவக் கல்லூரி. நாங்க காயத்துக்குக் கட்டுற பேண்டேஜ் துணி சத்திரப்பட்டியில நெய்யுறது. அதை நெய்யுற வீட்டுப் பிள்ளைகிட்ட, அந்தத் துணி போய்ச் சேர்ற ஆபரேஷன் தியேட்டர்ல டாக்டர், நர்ஸ் தவிர டெக்னீசியன்னு ஒரு வேலை இருக்குன்னு யார் சொன்னா?

"நான் முதல்வன் இருக்கே" என்பீர்கள். 2022 மார்ச்ல தொடங்கின நல்ல திட்டம், மறுக்கல. ஆனா பதினொண்ணுல எந்த ஸ்கூல்னு முடிவு பண்றது பிள்ளை இல்லையே, அப்பா அம்மா. அவங்களுக்குக் காலை 11 மணிக்குக் கூட்டம் போட்டா, மில் ஷிப்டுக்கும் நூறு நாள் வேலைக்கும் போனவங்க எப்படி வருவாங்க? வரலைன்னா "பேரண்ட்ஸுக்கு அக்கறை இல்ல"ன்னு பழி வேற.

ஒன்பதாம் வகுப்புலேயே, சாயங்காலம் ஏழு மணிக்குக் கூப்பிடுங்க. தன்னம்பிக்கைப் பேச்சாளர் வேண்டாம், அந்த செலவுல டீயும் வடையும் வாங்குங்க. எந்த குரூப் எடுத்தா எந்தப் படிப்பு, ஸ்கூல் மாத்தினா எது போகும்னு ஒரே தாள்ல அச்சடிச்சு வீட்டுக்குக் குடுத்து அனுப்புங்க.

உங்க தெருவுல பத்தாவது எழுதுற அரசுப் பள்ளிப் பிள்ளை இருந்தா, டி.சி. வாங்குறதுக்கு முன்னாடி அவங்க அம்மாகிட்ட இந்த 7.5% விஷயத்தைச் சொல்லிடுங்க.