கலயத்தை உடைப்பதா காவல்?

பதநீர் புளித்துக் கள்ளாகிவிடுமோ என அஞ்சும் உடன்குடிப் பனையேறி கலயத்தையா உடைக்கிறான்? இல்லை, தோழர்களே! உள்ளே சுண்ணாம்பு தடவுகிறான். எளிய தொழிலாளி அறிந்த இந்தப் பக்குவம், பட்டம் பல வழங்கும் பல்கலைக்கழகத்துக்குத் தெரியாமற்போனது கண்டோம்.

நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம்! 1891இல் நாடகம் தந்த நாவலரின் பெயர் தாங்கிய இடம்; நம் மாவட்டத்துக் கல்லூரிகளுக்கும் அதுவே தாய்வீடு. மாவோயிஸ்டுகளோடு காட்டில் நடந்ததை அருந்ததி ராய் எழுதிய நூல், அங்கே முதுகலை ஆங்கிலப் பாடத்தில் 2017 முதல் இருந்தது. 2020 நவம்பரில் அகில பாரதிய வித்யார்த்தி பரிஷத் புகார் கொடுத்தது. குழு கூடிற்று; நூல் நீங்கிற்று!

"வன்முறையைப் போற்றும் நூலை மாணவர் கையில் தரலாமா?" என்பர். படிப்பதெல்லாம் ஏற்பதாகுமா? மறுப்பு நூலொன்றை அருகே வைத்திருக்கலாம். மாணவரை வாதிடச் செய்திருக்கலாம். அதுவன்றோ சுண்ணாம்பு! அதை விடுத்துக் கலயத்தை உடைத்தனர்.

இனியும் இது நேராதிருக்கச் சட்டம் வேண்டும். அந்தப் பல்கலைக்கழகத்தைப் படைத்ததே நம் சட்டமன்றம் 1990இல் இயற்றிய சட்டந்தான். அதில் ஒரு பிரிவு சேர்ப்போம்: புகார் வந்ததும் நூலை நீக்குதல் கூடாது, கற்பிக்கும் ஆசிரியரையும் கற்கும் மாணவரையும் கேட்டல் வேண்டும், காரணத்தை எழுத்தில் வெளியிடல் வேண்டும்.

ஆனால் சட்டம் எவரைக் கட்டுவது? டில்லி ஜவாகர்லால் நேரு பல்கலைக்கழகம் 2023இல் விதி வகுத்தது: வகுப்புக் கட்டடங்களுக்கு 100 மீட்டருக்குள் போராடினால் 20,000 ரூபாய் வரை அபராதம்! அது மாணவன் வாய்க்குப் பூட்டு. அதே 2023இல் இங்கிலாந்துக்கெனப் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமோ, பேச்சுரிமையைக் காக்கும் கடமையைப் பல்கலைக்கழகத்தின் மீதே சுமத்தியது. நமக்கு வேண்டியது அதிகாரத்தைக் கட்டும் சட்டம். மாணவனைக் கட்டும் சட்டமன்று.

நாடக மேடையை அடக்க 1954இல் சட்டம் வந்தது. பகுத்தறிவு நாடகம் அடங்கியதா? 1965 ஜனவரி 27இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் குண்டுக்கு இரையானார், மொழிப்போர் ஓய்ந்ததா? அடக்குமுறையின் சுவையறிந்த நாம் ஒன்றை உரக்கச் சொல்வோம்: நாம் கேட்கும் சட்டம், நம்மை ஏசும் மாணவனையும் காக்கட்டும்! நம் கொள்கையை மறுக்கும் நூலும் அதே அலமாரியில் இருக்கட்டும்! மறுமொழி கூறும் வலிமை நமக்குண்டு. நமக்கு மட்டும் கேட்டால் அது சலுகை. மாற்றானுக்கும் சேர்த்துக் கேட்டால்தான் உரிமை!