ஸ்டார்ட் பட்டன் இடது பக்கமே இருக்கட்டும்

இயங்குதளத்தை மேம்படுத்தினால் முதல் வேலையாக அதன் முகத்தைப் பழையபடி மாற்றிவிட வேண்டும் என்று நான் சொன்னால், ஆபீஸில் சிரிக்கிறார்கள். "இன்னும் எக்ஸ்பி காலத்துலயே இருக்கீங்களா?" என்கிறார்கள். சிரிக்கட்டும். ஊரில் பெற்றோருக்குக் கணினி வாங்கி வைத்துவிட்டு வந்தவர்களுக்குத்தான் இது புரியும்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. அடுத்த வாரமே தீபாவளி. புனேயிலிருந்து திருநெல்வேலி போனவன், நல்ல பிள்ளையாக அப்பாவின் கணினியில் 11-ஐ ஏற்றினேன். வேலை செய்கிறதா என்று பார்த்தேன், செய்தது. ரயிலேறிவிட்டேன்.

டிசம்பரில் அம்மா போனில் பேச்சுவாக்கில் சொன்னாள், "அப்பா கரண்டு பில் கட்ட ப்ரௌசிங் சென்டருக்குல்லா போறாவ." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷமாக வீட்டிலிருந்தே கட்டியவர். கேட்டால், "பட்டன் நடுவுல வந்து நிக்கி. எதைத் தொட்டா எது போவுமோ? நீயும் வேலையா இருப்ப" என்றார்.

தப்பு என்னுடையதுதான். எக்ஸ்பி காலத்தில் அப்பா கணினி கற்றுக்கொண்டபோது ஒரு டைரியில் குறிப்பு எழுதி வைத்தார். முதல் வரியே 'இடது மூலை, பச்சை பட்டன்'. அவருக்குக் கணினி என்பது இடம். எது எங்கே இருக்கிறது என்பதுதான் அவர் படித்த படிப்பு. அம்மாவின் அஞ்சறைப்பெட்டியில் கடுகையும் சீரகத்தையும் இடம் மாற்றி வைத்துவிட்டு "புது டிசைன்" என்று சொல்லிப் பாருங்கள், கரண்டி பறக்கும் :-)

ஒரு காலத்தில் இந்த உரிமை கேட்காமலே கிடைத்தது. விண்டோஸ் 95-இன் அந்தச் சாம்பல் நிற கிளாசிக் தோற்றத்தை விண்டோஸ் 7 வரை வைத்துக்கொள்ள முடிந்தது. 2012-இல் வந்த விண்டோஸ் 8-இல் அதை எடுத்தார்கள், கூடவே ஸ்டார்ட் பட்டனையும். எழுந்த கூச்சலில் 2013-இல் 8.1-இல் பட்டன் மட்டும் திரும்பி வந்தது. உள்ளே பாதுகாப்பை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றட்டும், மாற்றத்தான் வேண்டும். வெளியே இருக்கும் கதவின் இடத்தை வீட்டுக்காரரைக் கேட்காமல் மாற்றுவது எந்த ஊர் நியாயம்?

அதற்காகத் தோற்றம் பிடித்திருக்கிறது என்று 2020 ஜனவரியிலேயே ஆதரவு முடிந்த 7-இல் உட்கார்ந்திருப்பதும் சரியில்லை. வங்கிக்கணக்கு பார்க்கும் கணினி அது. பழைய தோற்றம் தருகிறோம் என்று முன்பின் தெரியாத தளங்கள் கொடுக்கும், சிஸ்டம் ஃபைல்களையே மாற்றும் தீம்களும் வேண்டாம்.

நான் செய்தது சின்ன வேலை. அப்பாவை கன்ட்ரோல், விண்டோஸ், க்யூ மூன்றையும் சேர்த்து அழுத்தச் சொன்னேன். க்விக் அசிஸ்ட் வந்தது. நான் சொன்ன குறியீட்டை அடித்து அனுமதி கொடுத்ததும் அவர் திரை எனக்குத் தெரிந்தது. செட்டிங்ஸ், பெர்சனலைசேஷன், டாஸ்க்பார் போய் அலைன்மென்ட்டை இடது பக்கம் மாற்றினேன். தீம்ஸ் பகுதியில் டெஸ்க்டாப் ஐகான்களைத் திரும்பக் கொண்டுவந்தேன். 'திஸ் பிசி' என்பதை 'மை கம்ப்யூட்டர்' என்று பெயர் மாற்றினேன். பச்சை பட்டனைத்தான் கொண்டுவர முடியவில்லை.

மொத்தம் பத்து நிமிடம். தீபாவளிக்கு அங்கேயே இருந்தபோது அந்தப் பத்து நிமிடம் எனக்குத் தோன்றவில்லை.

"நீலமா இருந்தா என்ன, மூலைல இருக்குல்லா" என்றார் அப்பா. போன வாரம் கரண்டு பில் ரசீதை மெயிலில் அனுப்பியிருந்தார். நான் கேட்கவேயில்லை.