“சிபில் சரியில்லை” என்றால் போதுமா? காகிதத்தைக் காட்டுங்கள், மானேஜர் சார்!

எங்கள் தெருமுனையில் ஒரு மளிகைக்கடை. 20 வருடமாக நடக்கிறது. தீபாவளிக்குச் சரக்கு எடுக்க 3 லட்சம் ரூபாய் கடன் கேட்டு, கடைக்காரர் ஒரு பாங்கிக்குப் போனார். அந்த பாங்கிக்கு அவர் புது ஆள். ஆதார், பான் கார்டு, கடை வாடகை ரசீது எல்லாம் கொடுத்தார்.

நாலாம் நாள் பதில் வந்தது. “சிபில் சரியில்லைங்க. கிடைக்காது.”

“என்னங்க சரியில்லை?” என்று கேட்டார். “கம்ப்யூட்டர் சொல்லுது. எங்க கையில ஒண்ணும் இல்ல” என்றார் கவுண்ட்டரில் இருந்தவர். அவ்வளவுதான். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டு விட்டார்கள்.

முன்பெல்லாம் பாங்கியில் கணக்குத் தொடங்கவே அறிமுகக் கையெழுத்து வேண்டும். அங்கே கணக்கு வைத்திருப்பவர் ஒருவர், “இவரை எனக்குத் தெரியும்” என்று கையெழுத்துப் போட வேண்டும். டீ வாங்கிக் கொடுத்து அதற்காக அலைந்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர். தொல்லைதான். ஆனாலும், மறுத்தவர் யார், எதற்காக மறுத்தார் என்பதாவது தெரியும்.

இப்போது நம்மைப் பற்றிச் சாட்சி சொல்வது ஒரு கம்பெனி. 2000-ம் ஆண்டில் தொடங்கியது சிபில். எக்ஸ்பீரியன், ஈக்விபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்று இன்னும் 3 கம்பெனிகள் இதே வேலையைச் செய்கின்றன. என்ன கடன் வாங்கினோம், எந்த மாதத் தவணை தள்ளிப் போனது, யாருக்கு ஜாமீன் போட்டோம்... எல்லாம் அங்கே இருக்கிறது. 300 முதல் 900 வரை மார்க்கு போடுகிறார்கள்.

பாங்கி பார்க்கக் கூடாது என்று சொல்லவில்லை. அங்கே இருப்பது நாம் போட்ட பணம்தான். கடனுக்கு அரிசி கொடுக்கும் முன் கடைக்காரரும்தான் ஆளைப் பார்க்கிறார்.

ஆனால், சாட்சி சொன்னது தப்பாக இருந்தால்?

கடைக்காரரின் மகன் செல்போனில் அந்த ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தான். 2019-ல் கட்டி முடித்த மோட்டார் சைக்கிள் கடன் இன்னும் பாக்கி என்று இருக்கிறது! கட்டி முடித்த ரசீது வீட்டு பீரோவில் பத்திரமாக இருக்கிறது. கடன் கொடுத்த பைனான்ஸ் கம்பெனி, “முடிந்தது” என்று எழுதி அனுப்பவில்லை. தப்பு யாருடையது? அனுபவிப்பது யார்?

முதல் நாளே இதைச் சொல்லியிருந்தால் காரியம் சுலபம். அதற்குள் மனுஷன் இன்னும் 2 பாங்கி ஏறி இறங்கி விட்டார். ஒவ்வொரு பாங்கி விசாரிப்பதும் ரிப்போர்ட்டில் பதிவாகும். கொஞ்ச நாளில் நிறைய விசாரணை விழுந்தால் மார்க்கு இன்னும் இறங்கும். (நாமே எடுத்துப் பார்த்தால் இறங்காது. பலர் இதைத் தப்பாக நினைத்துக்கொண்டு பார்க்காமலே இருக்கிறார்கள்.)

சட்டம் என்ன சொல்கிறது?

2005-ம் ஆண்டு கடன் தகவல் கம்பெனிகள் சட்டத்தின் 21-வது பிரிவு, கடன் கேட்டவர் விரும்பினால், பாங்கி தான் வாங்கிப் பார்த்த ரிப்போர்ட்டின் நகலைக் கட்டணம் வாங்கிக்கொண்டு கொடுக்க வேண்டும் என்கிறது. “எங்க கையில ஒண்ணும் இல்ல” என்று எப்படிச் சொல்லலாம்? கையில்தானே இருந்தது!

இன்னும் கேளுங்கள். 2017 முதல் ஒவ்வொரு கம்பெனியும் வருடத்துக்கு ஒரு முறை முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். தப்பு இருந்தால் புகார் செய்யலாம். 30 நாளில் தீர்க்காவிட்டால், அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் நஷ்டஈடு. இது 2024 ஏப்ரல் 26 முதல் அமலில் இருக்கிறது. இத்தனை மார்க்கு இருந்தால்தான் கடன் என்று ரிசர்வ் பாங்கி வரம்பு எதுவும் வைக்கவில்லை என்று 2025-ல் பாராளுமன்றத்திலேயே சொல்லி விட்டார்கள். 700, 750 என்பதெல்லாம் அந்தந்த பாங்கி வைத்துக்கொண்ட கணக்கு.

21-வது பிரிவு எத்தனை பேருக்குத் தெரியும்? கேட்டால்தான் கொடுப்போம் என்பது, தெரியாதவனுக்கு இல்லை என்பதுதான். கடன் இல்லை என்று சொல்லும்போதே ரிப்போர்ட் நகலையும் கையில் கொடுத்து, “இந்த வரியால்தான் மறுக்கிறோம்” என்று கோடு போட்டுக் காட்டட்டும். ஒரு தாள் செலவு. சாப்பாட்டு நேரத்துக்குப் போர்டு தொங்கவிடும் பாங்கிகள், இதற்கும் ஒரு போர்டு மாட்டினால் குறைந்தா போய்விடும்?

கடைக்காரர் புகார் கொடுத்து இன்றோடு 12 நாள் ஆகிறது. தீபாவளி காத்திருக்குமா? சரக்குக்குத் தெரிந்தவரிடம் பணம் வாங்கி விட்டார். நூற்றுக்கு 3 ரூபாய் வட்டி. மாதத்துக்கு.