குள்ளம் என்றால் குறையா?

என் உயரம் 5 அடி 2 அங்குலம். இதைச் சொல்ல இப்போது எனக்கு வெட்கம் இல்லை. முன்பு இருந்தது.

பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்றால் நான்தான் முதல் ஆள். "அரைப்படி" என்று பட்டப்பெயர் வேறு. வீட்டில், "தினமும் கம்பியைப் பிடித்துத் தொங்கு" என்றார்கள். தொங்கினேன். கை காய்த்தது. கால் நீளவில்லை!

எப்படி நீளும்? எலும்பின் முனை அருகே குருத்து போன்ற ஒரு பகுதி உண்டு. எலும்பு நீளமாக வளர்வது அங்கேதான். பருவ வயது முடிந்ததும் அது இறுகி எலும்பாகிவிடும். பிறகு எந்தப் பொடியும், எந்த மாத்திரையும் உயரத்தைக் கூட்டாது. "ஒரே மாதத்தில் 3 அங்குலம்" என்று விளம்பரம் வந்தால், காசை இறுக்கி முடிந்து வையுங்கள்.

வளர்கிற குழந்தை வளராமல் நின்றுவிட்டால், அது வேறு சங்கதி. தைராய்டு கோளாறாக இருக்கலாம். வளர்ச்சி ஹார்மோன் குறைவாக இருக்கலாம். உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். மற்றபடி, நல்ல சாப்பாடு கொடுங்கள். உயரம் பெரும்பாலும் பெற்றோர் வழியில் வருவது. அப்பாவும் குள்ளம், அம்மாவும் குள்ளம். பிள்ளை மட்டும் பனைமரமாக வளர வேண்டுமாம்!

லால்பகதூர் சாஸ்திரி குள்ளமானவர். 1964-ல் பிரதமர் ஆனார். அவர் உருவத்தைப் பார்த்து ஏளனம் செய்தவர்கள் உண்டு. 1965-ல் பாகிஸ்தானுடன் போர் மூண்டது. அவருடைய உறுதியை நாடே பார்த்தது. கிரிக்கெட்டில் 100 சதம் அடித்த தெண்டுல்கரின் உயரம் 5 அடி 5 அங்குலம்தான்.

ஆனால், இப்படிப் பெரிய மனிதர்களைக் காட்டி ஆறுதல் சொல்வது எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. குள்ளமாக இருப்பவன் ஏன் பிரதமர் ஆக வேண்டும்? குமாஸ்தாவாக இருந்தால் தலைநிமிர்ந்து நடக்கக் கூடாதா?

குழந்தையைச் சுவரோடு நிறுத்தி, மாதம் தவறாமல் கோடு கிழித்து, "ஐயோ, வளரவே இல்லையே!" என்று பெருமூச்சு விடாதீர்கள். அந்தக் கோடு சுவரில் விழவில்லை. பிள்ளையின் மனதில் விழுகிறது.

எனக்குப் பெண் பார்த்தபோது, உயரத்தைச் சொல்லியே இரண்டு இடங்கள் தட்டிப்போயின. மூன்றாவது இடம் அமைந்தது. என் மனைவி என்னைவிட 2 அங்குலம் உயரம்! கல்யாணத்தன்று, படம் எடுக்க வந்தவர் என் காலுக்கு அடியில் ஒரு மணையைத் தள்ளினார்.

"அது எதற்கு? எடுத்துவிடுங்கள்" என்றாள் அவள்.

அந்தப் படம் எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டி இருக்கிறது.